டெல்லிச் சட்டம் எங்கே மாறுகிறது? எங்கள் மேசையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பல்லடம் பக்கத்தில் ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் கணக்கு எழுதுகிறேன். தறி ஓட்டுகிறவர்கள், நிட்டிங் மெஷின் போட்டவர்கள், தென்னந்தோப்புக்காரர்கள், கறிக்கோழிப் பண்ணை வைத்திருப்பவர்கள் என்று பலரும் வரிக் கணக்குக்காக வருவார்கள். வந்த வேலை முடிந்ததும் நாற்காலியை விட்டு எழாமல், "இந்தச் சட்டத்த யாருங்க போட்டது? இத மாத்தவே முடியாதுங்களா?" என்று கேட்காதவர்கள் குறைவு. ஒரே பதிலைப் பல வருடங்களாகச் சொல்லிக்கொண்டிருப்பதை விட எழுதி வைப்பது மேல் என்று தோன்றியதால் இந்தத் தொகுப்பு. கேள்விகளை அவரவர் பேச்சிலேயே விட்டிருக்கிறேன். நான் வழக்கறிஞன் அல்லன் என்பதால், சொந்த வழக்குள்ளவர்கள் வழக்கறிஞரைக் கேட்டுக்கொள்வதே முறை.

சட்டம் போடறது யாருங்க? மந்திரிங்களா, எம்.பி.ங்களா, ஜனாதிபதியா?

மூவரும்தான், ஆளுக்கொரு கட்டத்தில். நாடாளுமன்றம் என்பதே குடியரசுத் தலைவர், மாநிலங்களவை, மக்களவை ஆகிய மூன்றும் சேர்ந்தது என்கிறது அரசமைப்புச் சட்டம். ஓர் அமைச்சகம் மசோதாவைத் தயாரிக்கிறது, அமைச்சரவை அதை ஒப்புக்கொள்கிறது, பிறகு ஏதேனும் ஓர் அவையில் அறிமுகமாகிறது. இரண்டு அவைகளும் ஒரே வாசகத்தில் நிறைவேற்றி, குடியரசுத் தலைவர் ஒப்புதல் தந்து, அரசிதழில் வெளியானால் அது சட்டம்.

வெளியான அன்றே நடைமுறைக்கு வந்துவிடும் என்றும் சொல்ல முடியாது. அரசு அறிவிக்கும் நாளிலிருந்து அமலாகும் என்று முதல் பிரிவிலேயே நாளைத் தள்ளி வைத்திருப்பார்கள். நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் 2019-லும் 2020-லும் நிறைவேறியவை. அவை அமலுக்கு வந்தது 2025 நவம்பர் 21-இல். இடையில் இருந்த ஐந்து வருடமும் பனியன் கம்பெனி நடத்துகிறவர்களும் தொழிற்சங்கத்தாரும் "வந்துருச்சா, வந்துருச்சா" என்று கேட்டுக்கொண்டேதான் இருந்தார்கள்.

அப்படீன்னா மசோதாவுல இருக்கற வாசகத்த மொதல்ல எழுதறது யாரு?

அந்தந்த அமைச்சகத்தின் அதிகாரிகள் கருத்தை எழுதுகிறார்கள். சட்ட அமைச்சகத்தில் மசோதா வரைவதற்கென்றே இருக்கும் துறை அதைச் சட்ட மொழிக்கு மாற்றுகிறது. அவர்களும் வெறுங்கையோடு உட்காருவதில்லை. சட்ட ஆணையத்தின் அறிக்கை, நீதிமன்றத் தீர்ப்பு, ஆளுங்கட்சியின் தேர்தல் அறிக்கை, மாநில அரசுகளின் கடிதங்கள், தொழில் சங்கங்களின் கோரிக்கை மனுக்கள், வெளிநாட்டு உடன்படிக்கைகள் எல்லாம் அந்த மேசையில்தான் வந்து சேர்கின்றன. எனக்குத் தெரிந்தவரை, ஒரு சொல்லை மாற்றுவது மிகவும் எளிதாக இருப்பது இந்தக் கட்டத்தில்தான். அச்சாகி அவைக்கு வந்துவிட்டால் அரசுக்கு அது கௌரவப் பிரச்சினையாகிவிடுகிறது.

வரைவு மசோதாவைக் குறைந்தது 30 நாள் பொதுமக்கள் பார்வைக்கு வைத்துக் கருத்துக் கேட்க வேண்டும் என்று 2014-இல் மைய அரசே ஒரு நடைமுறையை வகுத்தது. அது அரசு தனக்குத்தானே போட்டுக்கொண்ட கட்டுப்பாடு, சட்டம் இல்லை. ஆகவே மீறினாலும் அதற்காக மசோதா செல்லாமல் போகாது. பல மசோதாக்கள் இந்த வழியைத் தொடாமலே அவைக்குப் போகின்றன.

எங்க எம்.பி. எதிர்த்து ஓட்டுப் போட்டா மசோதா நின்னு போயிடாதுங்களா?

543 பேர் கொண்ட மக்களவையில் தமிழ்நாட்டுக்கு 39 இடங்கள். எண்ணிக்கை ஒருபுறம் இருக்க, கட்சித்தாவல் தடைச் சட்டம் என்று ஒன்று 1985-இல் அரசமைப்பில் சேர்க்கப்பட்டது. கட்சிக் கொறடா உத்தரவு போட்ட பிறகு, முன் அனுமதி இல்லாமல் ஓர் உறுப்பினர் மாறி வாக்களித்தாலோ வாக்களிக்காமல் விலகி நின்றாலோ, கட்சி அதை 15 நாளுக்குள் மன்னிக்காவிட்டால், பதவியை இழக்க நேரிடும். காசு வாங்கிக் கட்சி மாறுவதைத் தடுக்க வந்த சட்டம், தொகுதிக்காகப் பேச நினைக்கிறவரின் கையையும் கட்டிவிட்டது. வாக்கெடுப்பு நாளன்று தனி எம்.பி. ஒருவரால் ஆகக்கூடியது அநேகமாக ஒன்றும் இல்லை.

அப்ப எம்.பி.கிட்ட மனு குடுக்கறதுல பிரயோசனமே இல்லீங்களா?

இருக்கிறது, வாக்கு கேட்கப் போகக்கூடாது, அவ்வளவுதான். எழுத்துப்பூர்வமான கேள்வி கேட்டு அமைச்சரிடம் பதில் வாங்குவது, அவசரப் பிரச்சினைகளை எழுப்பும் நேரமில்லா நேரத்தில் நம் குறையைப் பதிவு செய்வது, மசோதாவின் குறிப்பிட்ட உட்பிரிவுக்குத் திருத்தம் கொடுப்பது, குழுவில் உட்கார்ந்து அதிகாரியைக் குடைவது ஆகிய நான்கும் கொறடாவின் கைக்கு அதிகம் எட்டாதவை. அமைச்சர் அவையில் தந்த பதில் பின்னாளில் வழக்குக்கும் மனுவுக்கும் ஆதாரமாக உதவும்.

தனிநபர் மசோதா என்றும் ஒன்று உண்டு. அமைச்சராக இல்லாத உறுப்பினர் கொண்டுவருவது. நாடு விடுதலை பெற்றதிலிருந்து அப்படிச் சட்டமானவை 14 மட்டுமே. கடைசியாக ஆனது 1970-இல். எண்ணைப் பார்த்துத் தள்ளிவிட வேண்டாம். திருநர் உரிமைக்காகத் திருச்சி சிவா கொண்டுவந்த தனிநபர் மசோதா 2015 ஏப்ரலில் மாநிலங்களவையில் நிறைவேறியது. மக்களவையில் அது சட்டமாகவில்லை என்றாலும், அரசு தானே ஒரு மசோதாவைக் கொண்டுவர வேண்டிய நிலை வந்து, 2019-இல் சட்டம் வந்தது. அரசின் சட்டம் சிவாவின் மசோதா அளவுக்கு இல்லை என்று திருநர்களே குறை சொன்னார்கள் என்பதையும் சொல்ல வேண்டும்.

நிலைக்குழுவுக்கு அனுப்பியாச்சுன்னு பேப்பர்ல போடறாங்களே, அது கெடப்புல போடறதுதானுங்களே?

சில சமயம் அப்படித்தான். ஆனால் மசோதாவை வரி வரியாகப் படிக்கும் இடமும் அதுதான். துறை சார்ந்த நிலைக்குழுக்கள் 1993-இல் தொடங்கின. இப்போது 24 இருக்கின்றன. இரு அவை உறுப்பினர்களும், எல்லாக் கட்சியினரும் அதில் உண்டு. கூட்டம் கேமராவுக்கு முன்னால் நடப்பதில்லை என்பதால் கட்சிக்காகக் கத்த வேண்டியதில்லை. முக்கியமாக, குழு பத்திரிகைகளில் விளம்பரம் கொடுத்துப் பொதுமக்களிடம் எழுத்துப்பூர்வமான கருத்துக் கேட்கும். தேவையென்றால் சங்கப் பிரதிநிதிகளை நேரிலும் அழைக்கும். 15-ஆவது மக்களவைக் காலத்தில் (2009-14) 71 சதவீத மசோதாக்கள் குழுக்களுக்குப் போயின. 17-ஆவது மக்களவைக் காலத்தில் (2019-24) அது ஏறத்தாழ 16 சதவீதமாக இறங்கியது.

எங்கள் தொழிலிலிருந்தே ஓர் உதாரணம். புதிய வருமான வரி மசோதா 2025 பிப்ரவரியில் வந்தது, அந்த மசோதாவுக்கென்றே மக்களவை அமைத்த தெரிவுக்குழு 285 பரிந்துரைகள் தந்தது, அரசு பழைய மசோதாவைத் திரும்பப் பெற்று ஆகஸ்டில் திருத்திய மசோதாவைக் கொண்டுவந்து நிறைவேற்றியது. இன்னோர் உதாரணம் மின்சாரத் திருத்த மசோதா. இலவச மின்சாரத்துக்கு ஆபத்து வருமோ என்று இங்கே ஒவ்வொரு தோட்டத்துச் சாளையிலும் பேசப்பட்டது. 2022 ஆகஸ்டில் அறிமுகமான அன்றே நிலைக்குழுவுக்குப் போனது; அந்த மக்களவையின் காலத்துக்குள் நிறைவேறவே இல்லை. ஆகக் கிடப்பில் போடுவது சில வேளை நமக்கு நல்லதாகவும் அமைந்துவிடுகிறது.

போராட்டம் பண்ணுனா சட்டம் மாறுமுங்களா? எங்கப்பா மாட்டு வண்டியோட கோயமுத்தூருக்குப் போனவருங்க.

மாறியிருக்கிறது. ஆனால் எந்த வாசலில் போராடினார்கள் என்று பார்க்க வேண்டும். 1972-இல் நாராயணசாமி நாயுடு தலைமையில் மாட்டு வண்டிகளை ஓட்டி வந்து கோவை நகரத்தையே நிறுத்திய போராட்டம் மின் கட்டண உயர்வுக்கு எதிரானது. கேட்க வேண்டிய இடம் சென்னை. அந்த விவசாயிகள் இயக்கம் விடாமல் அழுத்தியதில் சிறு விவசாயிகளுக்கு 1984-இலும், எல்லா விவசாயிகளுக்கும் 1990 வாக்கிலும் கட்டணமில்லா மின்சாரம் கிடைத்தது. போராட்டத்துக்கும் பலனுக்கும் நடுவே பதினெட்டு வருடம்.

டெல்லி வாசலுக்கு உதாரணம் மூன்று வேளாண் சட்டங்கள். 2020 ஜூனில் அவசரச் சட்டங்களாக வந்தன. செப்டம்பரில் எந்தக் குழுவுக்கும் போகாமல், மாநிலங்களவையில் குரல் வாக்கெடுப்பில் நிறைவேறின. ஓராண்டுக்கு மேல் டெல்லி எல்லையில் விவசாயிகள் உட்கார்ந்தார்கள். 2021 நவம்பர் 29 அன்று ஒரே நாளில், விவாதம் இல்லாமலே, இரண்டு அவைகளும் அவற்றை நீக்கும் மசோதாவை நிறைவேற்றின. வந்தபோதும் போதிய பேச்சில்லை, போனபோதும் பேச்சில்லை. எந்த உட்பிரிவு தவறு, எது சரி என்பது அவைக் குறிப்பில் பதிவாகாமலே போனது எனக்கு இன்றும் உறுத்தலாகவே இருக்கிறது.

அரசியல் சட்டத்துக்கு மொதத் திருத்தமே நம்மூரு போராட்டத்தாலதான் வந்துச்சுன்னு தாத்தா சொல்லுவாருங்க. நெசமுங்களா?

பெரும்பாலும் உண்மை. சென்னை மாகாணத்தில் கல்லூரி இடங்களைச் சாதிவாரியாகப் பகிர்ந்தளித்த வகுப்புவாரி அரசாணை செல்லாது என்று 1951 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் சண்பகம் துரைராஜன் வழக்கில் உறுதி செய்தது. ஈரோட்டுக்காரரான பெரியார் உயர் நீதிமன்றத் தீர்ப்பு வந்தபோதே கிளர்ச்சியைத் தொடங்கியிருந்தார். காமராசர் போன்ற காங்கிரஸ்காரர்களும் டெல்லியில் வற்புறுத்தினார்கள். அதே ஆண்டு ஜூனில் முதல் திருத்தம் வந்து, பிற்பட்ட வகுப்பாருக்குத் தனி ஏற்பாடு செய்ய இடம் தரும் 15(4) பிரிவு அரசமைப்பில் சேர்ந்தது. முதல் பொதுத்தேர்தல்கூட அப்போது நடந்திருக்கவில்லை. "பெரும்பாலும்" என்று நான் சொல்வதற்குக் காரணம், நிலச் சீர்திருத்தம், பேச்சுரிமை பற்றிய வேறு வழக்குகளுக்கான பதிலும் அதே திருத்தத்தில் அடங்கியிருந்தது.

இந்தி எதிர்ப்புல எங்க பொள்ளாச்சியில துப்பாக்கிச் சூடே நடந்துச்சு. அதுல சட்டம் மாறுச்சுங்களா?

மாறியது. 1963-இல் ஆட்சிமொழிச் சட்டம் வந்தபோது, 1965-க்குப் பிறகும் ஆங்கிலம் "தொடரலாம்" என்றே எழுதியிருந்தார்கள். "தொடரலாம்" என்பதற்கும் "தொடர வேண்டும்" என்பதற்கும் உள்ள வேறுபாட்டை மாநிலங்களவையில் அண்ணா சுட்டிக்காட்டியும் வாசகம் மாறவில்லை. 1965 ஜனவரியில் கிளர்ச்சி வெடித்தது. பிப்ரவரி 11 அன்று, பொள்ளாச்சி பக்கம் செங்குட்டைப்பாளையத்தில் பிறந்த மைய உணவு அமைச்சர் சி. சுப்பிரமணியமும் இன்னொரு மைய அமைச்சரான ஓ.வி. அளகேசனும் பதவி விலகல் கடிதம் கொடுத்தார்கள். மறுநாள் பொள்ளாச்சியில் துப்பாக்கிச் சூடு. பிரதமர் லால் பகதூர் சாஸ்திரி வானொலியில் உறுதிமொழி தந்தபின் இருவரும் பதவியில் தொடர்ந்தார்கள்.

உறுதிமொழி சட்டமாக மாற மேலும் இரண்டு ஆண்டுக்கு மேல் ஆனது. 1967-இன் திருத்தப்படி, ஆங்கிலத்தை நிறுத்த வேண்டுமானால் இந்தியை ஆட்சிமொழியாக ஏற்காத மாநிலங்கள் அனைத்தின் சட்டமன்றங்களும் தீர்மானம் போட வேண்டும். அதன்பின் இரு அவைகளும் தீர்மானிக்க வேண்டும். தெருவில் கேட்டது, அமைச்சர்கள் இருவர் கொடுத்த கடிதம், அவையில் முன்பே சுட்டிக்காட்டிய ஒரு சொல் என்ற மூன்றும் சேர்ந்தபோதுதான் வாசகம் அசைந்தது.

45 நாள்ல பணம் குடுக்கோணும்னு ஒரு சட்டம் வந்துச்சே, அத யாருங்க கேட்டது? நல்லதா கெட்டதா?

இந்த மேசையில் அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுவே. தறிக்காரருக்குக் கூலியும், துணி போட்டவருக்குப் பில் பணமும் மாதக்கணக்கில் இழுப்பது பழைய குறை. அதற்காக 1993-இல் தாமதக் கட்டணத்துக்கு வட்டி என்று ஒரு சட்டம் வந்தது. 2006-இன் குறு, சிறு, நடுத்தர நிறுவனச் சட்டம், ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாள், இல்லையென்றால் 15 நாள் என்று கெடு வைத்து, தவறினால் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி என்றது. இரண்டும் காகிதத்தில் நன்றாகவே இருந்தன. ஆனால் புகார் செய்ய வேண்டியவர் பணம் வர வேண்டியவர். அடுத்த மாதப் பாவு நூல் தருகிற பார்ட்டி மேல் யார் புகார் எழுதுவார்கள்?

அதனால் பட்ஜெட்டோடு வந்த 2023-இன் நிதிச் சட்டத்தில் பூட்டை வாங்குபவரின் வரிக் கணக்கில் போட்டார்கள். அதுதான் வருமான வரிச் சட்டத்தின் 43பி பிரிவில் வந்த (எச்) உட்பிரிவு. ஜனவரி 20 அன்று ஒருவர் சிறு நிறுவனத்திடம் 4,00,000 ரூபாய்க்குத் துணி ஏற்றுக்கொண்டார் என்று வைத்துக்கொள்வோம். 45 நாள் கெடு மார்ச் முதல் வாரத்தில் முடிகிறது. மார்ச் 31 வரை பணம் தரவில்லை என்றால், அந்த 4,00,000 அந்த ஆண்டின் செலவாகக் கழியாது. 30 சதவீத விகிதத்தில் 1,20,000 ரூபாய் வரி கூடுதலாகக் கட்ட நேரும். பணம் கொடுக்கும் ஆண்டில்தான் கழித்துக்கொள்ளலாம். புகார் எழுதாமலே சட்டம் வேலை செய்யும்படி அமைத்த விதத்தில் இது கெட்டிக்கார ஏற்பாடு என்பேன்.

நடந்தது வேறு விதமாகவும் இருந்தது. 2024 மார்ச்சில் எங்கள் மேசைக்கு வந்த ஒரு தறிக்காரர், "உத்யம் பதிவ எடுத்துருங்கன்னு பார்ட்டி சொல்றாங்க, எடுக்கலீன்னா ஆர்டர் இல்லீன்றாங்க" என்று சிறு நிறுவனம் என்பதற்கான அந்தப் பதிவுச் சான்றை மடித்துக்கொண்டே சொன்னார். அவருக்காக வந்த சட்டத்திலிருந்து அவரே வெளியேற வேண்டிய நிலை. தள்ளிப்போடச் சொல்லி வியாபாரச் சங்கங்களும், கைவிடாதீர்கள் என்று சிறுதொழில் சங்கங்களும் மனு கொடுத்தன, பிரிவு நிலைத்தது. புதிய வருமான வரிச் சட்டத்தில் பிரிவு எண் மாறினாலும் ஏற்பாடு தொடர்கிறது.

பட்ஜெட்டோட சேர்த்துக் கொண்டுவந்துட்டா மேல்சபை தடுக்க முடியாதுங்களா?

வரி, அரசின் வரவுசெலவு பற்றி மட்டுமே பேசும் பண மசோதா இது என்று மக்களவைத் தலைவர் சான்றளித்துவிட்டால் மாநிலங்களவையால் தடுக்க முடியாது. 14 நாளுக்குள் பரிந்துரையோடு திருப்பி அனுப்பலாம். அதை ஏற்பதும் தள்ளுவதும் மக்களவையின் விருப்பம். பட்ஜெட்டோடு வரும் நிதி மசோதா அவைக்கு வந்த பிறகும் அரசே திருத்தங்களைச் சேர்க்கும். 2023 மார்ச்சில் அமளிக்கு நடுவே 60-க்கும் மேற்பட்ட அரசுத் திருத்தங்களோடு அது மக்களவையில் நிறைவேறியது. கடன் பத்திர மியூச்சுவல் ஃபண்டுகளின் வரிச் சலுகை போனது அப்படித்தான். பிப்ரவரி 1 அன்று பட்ஜெட் உரையை மட்டும் கேட்டுவிட்டு இருந்தவர்களுக்கு அது தெரியவே தெரியாது. வரி சாராத விஷயங்களையும் இந்த வழியில் நுழைப்பது சரியில்லை என்பது என் கருத்து.

பஞ்சு எறக்குமதி வரிய பார்லிமென்ட் கூடாமயே எடுத்தாங்களே, அது எப்படீங்க?

நாடாளுமன்றமே அந்த அதிகாரத்தை முன்கூட்டி அரசிடம் கொடுத்து வைத்திருக்கிறது. சுங்கச் சட்டத்தின் 25-ஆவது பிரிவின்படி, பொதுநலன் கருதி மைய அரசு ஓர் அறிவிக்கையின் மூலம் வரியிலிருந்து விலக்கு தரலாம். 2021 பட்ஜெட்டில் பஞ்சுக்கு 11 சதவீதம் வந்தது. நூல் விலை ஏறி மில்களும் பனியன் கம்பெனிகளும் அலறியதில் 2022 ஏப்ரலில் விலக்கு வந்தது, அக்டோபரோடு முடிந்தது. 2025 ஆகஸ்டில் மறுபடி விலக்கு, டிசம்பர் 31 வரை. மில்காரருக்கு நிம்மதி; பருத்தி போடும் விவசாயிக்கு விலை இறங்குமோ என்ற கவலை. இரண்டு பக்கமும் முட்டுவது அமைச்சகத்தின் கதவை, அவையை அல்ல.

ஜி.எஸ்.டி. விகிதமும் கிட்டத்தட்ட இதே கதை. அதைத் தீர்மானிப்பது மைய, மாநில நிதியமைச்சர்கள் உட்காரும் கவுன்சில். மையத்துக்கு மூன்றில் ஒரு பங்கு வாக்கு, மாநிலங்களுக்கு மூன்றில் இரண்டு. தீர்மானம் நிறைவேற நான்கில் மூன்று பங்கு வேண்டும். ஜவுளிக்கு 5-லிருந்து 12 சதவீதமாக 2022 ஜனவரி 1 முதல் உயர்த்துவதாக அறிவிக்கையே வெளியாகிவிட்டது. ஜவுளி நகரங்கள் எல்லாம் கொதித்து, பல மாநிலங்கள் எதிர்த்து, முந்தைய நாளான டிசம்பர் 31 அன்று கவுன்சில் அவசரமாகக் கூடித் தள்ளி வைத்தது. ஆகவே வரி விகிதம் பற்றிய குறைக்குச் சென்னைக் கோட்டைக்கும் ஒரு மனு போக வேண்டும்.

அவசரச் சட்டம்னா பார்லிமென்ட் தேவையே இல்லீங்களா?

சிறிது காலத்துக்குத் தேவையில்லை. அவை கூடாத நேரத்தில் வந்து, அவை கூடிய ஆறு வாரத்தில் காலாவதியாகும். நில எடுப்புச் சட்டத்தை மாற்ற 2014 டிசம்பரில் வந்த அவசரச் சட்டம் மறுபடி மறுபடி பிறப்பிக்கப்பட்டும், மாநிலங்களவையில் பெரும்பான்மை இல்லாததால் 2015 ஆகஸ்ட் 31-இல் காலாவதியானது. பண மசோதாவாக இருந்திருந்தால் கதை வேறு.

கோர்ட்டு நெனச்சா சட்டத்தையே மாத்திடலாமுங்களா?

சட்டத்தை எழுத முடியாது. ஆனால் எழுத வைக்கவும், இருக்கும் சட்டத்துக்குப் பல் முளைக்க வைக்கவும் முடியும். நொய்யலில் சாயக்கழிவு கலந்ததைத் தடுக்க 1974-இன் நீர்ச் சட்டம் இருந்தது. திருப்பூர்ச் சாயப்பட்டறைகள் மூடப்பட்டதோ 2011 ஜனவரியில், சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால். ஒரு சொட்டும் வெளியே விடாத சுத்திகரிப்பு வந்தால்தான் திறக்கலாம் என்றது நீதிமன்றம். ஒரத்துப்பாளையம் அணையின் நீரைப் பார்த்தவர்களுக்கு அந்த உத்தரவின் காரணம் புரியும். வேலையிழந்து சொந்த ஊருக்கு மூட்டை கட்டியவர்களுக்கு அதன் விலையும் தெரியும்.

எழுத வைத்ததற்கு உதாரணம், பணியிடத்தில் பெண்களைப் பாதுகாக்கும் சட்டம். 1997-இல் விசாகா வழக்கில் உச்ச நீதிமன்றம் நெறிமுறைகளை வகுத்து, சட்டம் வரும்வரை இதுவே செல்லும் என்றது. சட்டம் வந்தது 2013-இல். தீர்ப்பு பிடிக்காதபோது நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தி அதைக் கடக்கவும் செய்யும். முதல் திருத்தத்தைப் பற்றி மேலே சொன்னது அதுவே. எல்லை ஒன்றுண்டு: அரசமைப்பின் அடிப்படைக் கட்டமைப்பில் கை வைக்கக் கூடாது என்பது 1973-இன் கேசவானந்த பாரதி தீர்ப்பு.

எனக்கு 1985-லயே கல்யாணம் ஆயிடுச்சுங்க. 89-க்கு முன்னால கட்டிக்குடுத்த பொண்ணுக்குப் பூர்வீகச் சொத்துல பங்கில்லீன்னு அண்ணன் சொல்றாரு. சட்டம் எத்தன தடவைங்க மாறும்?

இந்த ஒரு பொருளில் மாறிய வரலாற்றைச் சொன்னால் மேலே எழுதிய அத்தனையும் விளங்கும். 1956-இன் இந்து வாரிசுரிமைச் சட்டம் கூட்டுக்குடும்பப் பூர்வீகச் சொத்தில் பிறப்பால் வரும் உரிமையை மகனுக்கே விட்டது. ஆந்திரம் 1980-களின் நடுவிலும் தமிழ்நாடு 1989-இலும் மாநிலத் திருத்தமாக மகளுக்கும் சமபங்கு தந்தன. தமிழ்நாட்டுத் திருத்தம் 1989 மார்ச் 25-க்கு முன் திருமணமான மகளை விலக்கியது. அண்ணன் சொல்வது அதைத்தான். மாநிலங்கள் முன்னே போனதைப் பார்த்து, சட்ட ஆணையம் 2000-இல் 174-ஆவது அறிக்கை தந்தது. 2004 டிசம்பர் 20-இல் மசோதா வந்தது, நிலைக்குழு பார்த்தது, பெண்ணுரிமைக்காகப் போராடியவர்கள் மாநில நிலச் சட்டங்களுக்கு உட்பட்ட விவசாய நிலத்துக்கு இந்தச் சட்டம் பொருந்தாது என்ற விலக்கையும் எடுக்கச் சொல்லி வாதாடினார்கள். 2005 செப்டம்பர் 9 முதல் திருத்தம் அமலானபோது அந்த விலக்கும் போயிருந்தது. தோட்டமும் காடுமே சொத்து என்றிருக்கும் நம் பக்கத்துக்கு அந்த ஒரு வரி நீக்கமே பெரிய மாற்றம்.

அப்பா 2005-க்கு முன்பே இறந்திருந்தால் என்ன என்ற சந்தேகத்துக்கு நீதிமன்றங்கள் முரணான பதில்கள் தந்துகொண்டிருந்தன. 2020 ஆகஸ்ட் 11-இல் வினீதா சர்மா வழக்கில், உரிமை பிறப்பால் வருவது, 2005-இல் அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை என்று உச்ச நீதிமன்றம் முடித்து வைத்தது. திருமணமான ஆண்டும் தடையில்லை. ஆனால் 2004 டிசம்பர் 20-க்கு முன்பே முறையாகப் பாகப்பிரிவினையோ விற்பனையோ நடந்திருந்தால் அதைத் தொட முடியாது. ஆகவே அண்ணனோடு வாதாடுவதற்கு முன் சார்பதிவாளர் அலுவலகத்தில் வில்லங்கம் எடுத்துப் பார்ப்பது நல்லது.

ஜல்லிக்கட்டுக்கும் ரேக்ளாவுக்கும் மட்டும் டெல்லிச் சட்டம் எப்படீங்க வளைஞ்சு குடுத்துச்சு?

டெல்லிச் சட்டம் அப்படியே இருக்கிறது. தமிழ்நாட்டுக்கு மட்டும் திருத்தம். விலங்கு வதைத் தடுப்பு பொதுப்பட்டியலில் வருவதால் மையமும் மாநிலமும் சட்டம் செய்யலாம். முரண்பட்டால் மையச் சட்டமே நிற்கும். ஆனால் மாநில மசோதாவுக்குக் குடியரசுத் தலைவர் ஒப்புதல் கிடைத்தால், அரசமைப்பின் 254(2)-இன்படி அந்த மாநிலத்தில் மாநிலச் சட்டம் நிற்கும். 2014-இல் உச்ச நீதிமன்றம் தடை விதித்தது, 2017 ஜனவரியில் மெரினாவிலும் கோவை வ.உ.சி. மைதானத்திலும் இளைஞர்கள் உட்கார்ந்தார்கள், சில நாட்களில் அவசரச் சட்டமும் சட்டமும் வந்தன, 2023 மே 18-இல் உச்ச நீதிமன்றம் அதைச் செல்லும் என்றது. காங்கேயம் காளை வளர்ப்பவர்கள் அந்தத் தேதியை மறக்க மாட்டார்கள். மேலே சொன்ன 1989-இன் சொத்துரிமைத் திருத்தமும் இதே வழியில் வந்ததுதான்.

கள்ளுக்குத் தடைய எடுக்கச் சொல்லி எம்.பி.கிட்டக் கேக்கலாமுங்களா?

கேட்கலாம், அவரால் ஆகாது. மது மாநிலப் பட்டியலில் இருக்கிறது. எம்.எல்.ஏ.விடம் கேளுங்கள்.

காட்டுக்குள்ள டவர் போடறதுக்கு 1885-ஆம் வருசத்துச் சட்டமாமே? வெள்ளக்காரன் போயும் அத ஏன் மாத்தலீங்க?

விளைநிலத்தில் நிறுத்தும் மின்கோபுரத்தைப் பற்றிய கேள்வி இது. தந்திக் கம்பி போட வந்த இந்தியத் தந்திச் சட்டம்தான் அது. நிலத்தை எடுக்காமலே அதன்மேல் கம்பி கொண்டுபோகலாம், சேதத்துக்கு மட்டும் இழப்பீடு என்பது அதன் சாரம். 2003-இன் மின்சாரச் சட்டம் 164-ஆவது பிரிவின் மூலம் அந்த அதிகாரத்தை மின் கம்பிக்கும் இரவல் கொடுத்தது. சட்டம் மாறாமல் இருப்பதற்கும் ஒரு செல்வாக்கு வேலை செய்கிறது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. நிலத்தை முழு விலைக்கு எடுத்தால் மின் பாதையின் செலவு ஏறும் என்பது மின் நிறுவனங்களுக்கும் அமைச்சகத்துக்கும் தெரியும். கோபுரம் நிற்கும் நிலத்துக்காரரோ நாடு முழுக்கச் சிதறிக் கிடக்கிறார்.

கொங்குப் பகுதி உழவர்கள் 2018-ஐ ஒட்டி நடத்திய போராட்டங்கள் சட்டத்தை மாற்றவில்லை. ஆனால் அமைச்சகத்தின் இழப்பீட்டு வழிகாட்டுதல் மாறியிருக்கிறது: 2015-இல் கோபுர அடி நிலத்துக்கு மதிப்பில் 85 சதவீதம், கம்பிக்குக் கீழே அதிகபட்சம் 15 சதவீதம் என்றிருந்தது, 2024-இல் முறையே 200, 30 என்று உயர்ந்தது. அது மாநிலம் ஏற்றுக்கொண்டால்தான் கைக்கு வரும்.

பெரிய கம்பெனிக்காரங்க காசு குடுத்துச் சட்டத்த எழுதிக்கறாங்கன்னு சொல்றாங்களே?

எந்தச் சட்டத்தை யார் எழுத வைத்தார்கள் என்று சான்றில்லாமல் நான் சொல்ல மாட்டேன். சொல்லக்கூடியது இரண்டு. ஒன்று, அமைச்சகங்களை அணுகிப் பரிந்து பேசுகிறவர்கள் தம்மைப் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்ற சட்டம் நம் நாட்டில் இல்லை. யார் யாரைச் சந்தித்தார்கள் என்பது பொதுக்குறிப்பில் வராது. இரண்டு, கட்சிகளுக்குப் பெயர் வெளியாகாமல் பணம் தர வழிசெய்த தேர்தல் பத்திரத் திட்டம். அதற்கான திருத்தங்கள் 2017-இன் நிதிச் சட்டத்தில், பட்ஜெட் பற்றிய பதிலில் சொன்ன அதே பண மசோதா வழியில்தான் வந்தன. 2024 பிப்ரவரி 15-இல் ஐந்து நீதிபதிகள் ஒருமனதாக அது செல்லாது என்றார்கள். காரணங்களில் ஒன்று, பணம் கொடுத்தவருக்கும் கொள்கை முடிவுக்கும் உள்ள தொடர்பு வாக்காளருக்குத் தெரியாமல் போகிறது என்பது.

சரிங்க, எனக்கு ஒரு சட்டம் மாறோணும். நாளைக்குக் காலையில மொதல்ல எங்க போறதுங்க?

முதலில் எங்கும் போகாமல், உங்களைக் கட்டிப்போடுவது எது என்று பாருங்கள். சட்டத்தின் பிரிவா, அதன்கீழ் வந்த விதியா, அறிவிக்கையா, வழிகாட்டுதலா? வருகிறவர்களில் பாதிப்பேரின் குறை பிரிவில் இருப்பதில்லை, அறிவிக்கையில் இருக்கிறது. அதற்குப் பஞ்சு வரியைப் போல அமைச்சகமோ, ஜி.எஸ்.டி. போலக் கவுன்சிலோ போதும். பிரிவேதான் என்றால், பொதுப்பட்டியலா என்று பார்த்து மாநில வழியையும் யோசிக்கலாம். மசோதா நிலையில் இருந்தால் குழு கொடுக்கும் கெடுவுக்குள், "இந்த உட்பிரிவில் இந்தச் சொல்லை நீக்கி இந்தச் சொல்லைச் சேர்க்கவும்" என்று எழுதி, உங்கள் கணக்கிலிருந்து ஓர் உண்மையான உதாரணத்தையும் வைத்து அனுப்புங்கள். அது பத்துப் பக்கப் புலம்பலை விட நன்றாகப் படிக்கப்படும்.

நாடாளுமன்றத்துக்கே மனு அனுப்ப ஒவ்வோர் அவைக்கும் மனுக்கள் குழு இருக்கிறது. எம்.பி. தாக்கல் செய்தால் அவரும் மேலொப்பம் இட வேண்டும். மனுவைத் தமிழில் எழுதலாம். ஆனால் இந்தியிலோ ஆங்கிலத்திலோ மொழிபெயர்ப்பு இணைத்து, அதிலும் மனுதாரரே கையெழுத்துப் போட வேண்டும். தமிழ்ப் பிரதியில் முப்பது பேர் கையெழுத்து வாங்கிவிட்டு, மொழிபெயர்ப்பில் ஒருவரும் போடாமல் உறையை ஒட்டப் போனவர்களை இதே மேசையில் நிறுத்தியிருக்கிறேன்.